புதிதாக வரும் கூடைப்பந்து நடுவர்களுக்கு, கோர்ட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பதன் முக்கியத்துவத்தை எப்படிப் புரியவைப்பது?

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை தெரிந்துவிட்டது. நாலைந்து பையன்களைக் கூட்டி வைத்து ரெஃப்ரி வேலை பழக்குகிறீர்கள். விதிப் புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறார்கள். விசிலை வாயில் வைத்து உள்ளே இறங்கியதும் பந்துக்குப் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுகிறார்கள். சரிதானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சர்வதேச நடுவர் கிடையாது. பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். பதினெட்டு வருடமாக மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி, கோடை விடுமுறை டோர்னமென்ட் என்று விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். நடுவர் எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்று படம் போட்டுச் சொல்லும் மெக்கானிக்ஸ் கையேட்டைக் கரைத்துக் குடித்தவர்கள் "படத்தில் இப்படி இல்லையே" என்று சண்டைக்கு வரலாம். வாருங்கள். அந்தப் படத்துக் கோர்ட்டைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு எந்த இடைஞ்சலும் இருக்காது, விதியும் அதைத்தான் கேட்கிறது. எங்கள் பக்கத்தில் பேஸ்லைனை, அதாவது ரிங்குக்குப் பின்னால் இருக்கும் கடைசிக் கோட்டை, ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருக்கும்.

எனக்கும் நடுவர் பயிற்சி கிளினிக்கில் படம் போட்டுத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு நடுவரில் முன்னால் ஓடி பேஸ்லைனில் நிற்பவர் லீட், ஆட்டத்துக்குப் பின்னால் வருபவர் ட்ரெயில். தேர்விலும் அழகாக வரைந்தேன். கோர்ட்டில் அது ஒரு நிமிடம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போது எனக்கு ஓட்டத்தில் பெருமை. யார் எங்கே இடித்துக்கொண்டாலும் முதல் ஆளாகப் பக்கத்தில் போய் நிற்பேன். பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு டோர்னமென்ட், இரவு ஆட்டம். கடைசி பதினோரு விநாடி. ஒரு அணி ஒரு புள்ளி முன்னிலை. நான் லீட். எதிர் அணிக்காரன் வலது ஓரத்திலிருந்து ரிங்கை நோக்கி உடைத்துக்கொண்டு வருகிறான், தடுப்பவன் ஒரு கல்லூரிப் பையன், முன்னால் நின்று நேராக மேலே குதிக்கிறான். நானோ போர்டுக்கு நேர் கீழே, அந்தப் பையனின் முதுகுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்தது முதுகும் பனியன் நம்பரும்தான். "ஹேய்" என்று ஒரு சத்தம், பந்து வெளியே தெறித்தது, விசில் தானாக ஊதிவிட்டது. தடுத்தவனுக்கு அது ஐந்தாவது ஃபவுல், அதோடு அவன் வெளியே. இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

கோச் கத்தினார், அது பழகிப்போன விஷயம். அந்தப் பையன் கத்தவில்லை. எல்லாம் முடிந்து நான் ஷூ லேஸ் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வந்து, "சார், எங்க சார் கை பட்டுச்சு?" என்றான். திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மணிக்கட்டா, முழங்கையா, நெஞ்சா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "போப்பா, முடிஞ்சு போச்சு" என்று அனுப்பிவிட்டேன். பட்டதா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

என்னோடு அன்று ட்ரெயிலாக நின்றவர் மூத்த நடுவர். ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுப்பி, "வா தம்பி, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று காலி கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஷூட்டிங் பழகிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை எதிரெதிராக நிற்கவைத்தார். ஒருவன் பந்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் தடுப்பது போல் கையை உயர்த்த வேண்டும். என்னைத் தடுப்பவனுக்குப் பின்னால் நிறுத்தி, "பட்டிருக்கா?" என்றார். "பட்டிருக்குண்ணே" என்றேன். தோளைப் பிடித்து நாலு எட்டு பக்கவாட்டில் நகர்த்தினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. காலை வெயில் அதன் வழியாக என் கண்ணில் அடித்தது.

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ் ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்கும்ல, முன்னால நின்னு பாத்தா முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கும். பக்கத்துல வந்து பாத்தா நடுவுல ஆள் நடந்து போவான்" என்றார். பதினைந்து வருடத்தில் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்களைப் பார்க்காதே, ஆட்களுக்கு நடுவில் இருக்கும் வெளிச்சத்தைப் பார். அது தெரிகிற இடம்தான் உன் இடம், அது மறைந்தால் ஓர் எட்டு நகரு. பெரும்பாலும் ஓர் எட்டு போதும்.

ஆகவே உங்கள் பையன்களுக்கும் இதையே முதல் நாள் செய்து காட்டுங்கள். அப்புறம் விசிலைப் பிடுங்கிவிடுங்கள். நான் முதல் மூன்று பயிற்சி ஆட்டத்துக்கு விசில் தருவதில்லை. இடம் பார்த்து நிற்பது மட்டும்தான் வேலை. ஆட்டம் நடக்கும்போது திடீரென்று நான் ஊதுவேன், எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். "உன் கண்ணுக்கு எந்த ரெண்டு பேர் நடுவுல இடைவெளி தெரியுது? நம்பர் சொல்லு" என்று கேட்பேன். பந்து வைத்திருப்பவன் நம்பரை மட்டும்தான் எல்லாரும் சொல்வார்கள். நடுவர் இரண்டு பேரும் பந்தையே பார்த்தால் மீதி எட்டுப் பேரை யார் பார்ப்பது?

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே 10-ஆவது விதி ஆட்களைக் கவனிக்க ஒருவர் என்கிறது, 11-ஆவது பந்தைக் கவனிக்க ஒருவர் என்கிறது. பிறகு ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, இப்போது இருவருமே எல்லாவற்றுக்கும் ஊதலாம். கண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும் வேலை மட்டும் மாறவில்லை.

ட்ரெயிலாக நிற்பவர்களிடம் ஒரு வியாதி உண்டு, ஷாட் மேலே போனதும் அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகப் பின்வாங்குவது. அந்த நேரத்தில்தான் ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஒருவன் முதுகில் ஒருவன் ஏறுவார்கள். பேஸ்லைனில் இருப்பவருக்கு அது தெரியாது, எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தெரியும். அதனால் பந்து ரிங்கைத் தொடும்வரை உள்ளே இரண்டு எட்டு வைக்கச் சொல்லுங்கள். எதிர் அணி பந்தைப் பிடித்து உடனே மறுபக்கம் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கில் உங்களை முந்திவிட்டால் முந்தட்டும், ஓடிப் பிடிக்கலாம். லீட் போர்டுக்கு நேர் கீழே வரக்கூடாது, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, உடம்பைச் சாய்வாகத் திருப்பி நிற்க வேண்டும். ஊதும் நேரத்தில் கால் நின்றிருக்க வேண்டும், ஓடிக்கொண்டே பார்த்தால் எல்லாமே இடித்த மாதிரிதான் தெரியும்.

"மூன்று நடுவர் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ-வே 1978-79 சீசனில் மூன்று பேரைப் போட்டுப் பார்த்து, மறு வருடமே இரண்டுக்குத் திரும்பி, 1988-89-இல்தான் நிரந்தரமாக மூன்றாக்கியது. அவர்களுக்கே பத்து வருடம் ஆகியிருக்கிறது. 28-க்கு 15 மீட்டர் கோர்ட்டில் எங்களுக்கு இரண்டு பேர் கிடைப்பதே பெரிய விஷயம்.

அந்த இரண்டு பேரும் எப்படி நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? காலை ஆறு மணிக்கு முதல் ஆட்டம். இறுதி ஆட்டம் ஏழு மணி என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள், சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார். அவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவருக்குப் பொன்னாடை, மைக் செட்காரருக்குக்கூடப் பொன்னாடை. பத்தரைக்குத்தான் பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டம் தொடங்கும். நடுவர் காலையிலிருந்து நாலு ஆட்டம் ஓடிவிட்டு, மதியம் சாப்பிட்ட சாம்பார் சாதத்தோடு நிற்பார். பணக் கவர் வாங்க மறுநாள் மூன்று பேருக்கு போன் போட வேண்டும். இதெல்லாம் நீங்கள் கேட்காதது, விடுங்கள். ஆனால் கால் ஓய்ந்தவன் அந்த ஓர் எட்டை நகரமாட்டான், அதையும் கணக்கில் வையுங்கள்.

பயிற்சி ஆட்டத்தில் என் பிள்ளைகள் விசில் ஊதத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு ஃபவுலுக்கும் ஆட்டம் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "எங்க பட்டுச்சு?" மணிக்கட்டு, இடுப்பு என்று உடனே சொன்னால் தப்பாக ஊதியிருந்தாலும் விட்டுவிடுவேன். "பட்ட மாதிரி இருந்துச்சு சார்" என்றால் எங்கே நின்றார்களோ அங்கே திரும்பக் கூட்டிப்போவேன்.

இன்னொன்று. பேஸ்லைனை ஒட்டி நாற்காலி போட்டிருந்தால் ஆட்டத்தை ஆரம்பிக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு டோர்னமென்டில் விருந்தினர் வரிசையைத் தள்ளிப் போடும்வரை இருபது நிமிடம் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். தள்ளிப் போட்டார்கள். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை.