கீழ்த்தட்டில் குளிர் இல்லையா? கேஸ் ஏற்றும் முன் காயிலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்கு ஆறு வயது. பத்து நாளாக மேலே ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. இரண்டு மாதம் முன்பும் இப்படித்தான் ஆனது. ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போது வந்து பார்த்த மெக்கானிக், 'கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும்' என்கிறார். ஏற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு நாள் அணைத்து வைத்ததும் சரியானது என்கிறீர்கள். கசிந்துபோன கேஸ் ஓய்வு கொடுத்தால் திரும்பி வராது. ஒரு நாளில் உருகிப் போகக்கூடியது ஐஸ்தான். ஆகவே உங்கள் ஃபிரிட்ஜில் கேஸ் அநேகமாக அப்படியே இருக்கிறது, உள்ளே படியும் பனியைத் தானாக உருக்கும் டிஃப்ராஸ்ட்தான் வேலை செய்யவில்லை.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்ற பேச்சே தவறு. அடுப்பு சிலிண்டரில் இருப்பதைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது. கம்ப்ரசர், கன்டென்சர் (வெப்பத்தை வெளியே விடும் குழாய்கள்), கேப்பிலரி (மிக மெல்லிய குழாய்), எவாப்பரேட்டர் (உள்ளே குளிர்விக்கும் காயில்) என்று மூடிய வளையத்துக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போட்டால், போட்டதும் அதே வழியில் போய்விடும்.

மேலே குளிர்ந்து கீழே குளிராதது ஏன்?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் குளிர் பிறக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அலுமினியக் காயில். அதன் மேல் ஒரு சிறிய ஃபேன். அது குளிர்க்காற்றை இழுத்து ஃப்ரீசருக்குள் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு ஒரு குழாய் வழியாகக் கீழ் அறைக்கு இறங்குகிறது. கீழே தனியாகக் குளிர்விக்கும் பொருள் எதுவும் கிடையாது. கீழே குளிர் இல்லை என்றால் பெரும்பாலும் காற்று இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுந்து காயிலின் மேல் வெண்பனியாகப் படிகிறது. இதை உருக்க, காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. டைமர் உள்ள மாடல்களில் கம்ப்ரசர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் ஒரு முறை ஹீட்டர் எரிந்து, 20-30 நிமிடத்தில் பனியைக் கரைத்து, தண்ணீரை வடிகுழாய் வழியாகக் கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் இறக்கிவிடும். டைமருக்குப் பதில் மின்னணு போர்டு உள்ள மாடல்களில் இந்த இடைவெளி பயன்பாட்டைப் பொறுத்து மாறும். ஹீட்டர் எரியாமல் போனால் பனி நாளுக்கு நாள் தடித்து, காயிலின் இடுக்கெல்லாம் அடைத்து, காற்று நுழைய வழியில்லாத ஐஸ்பாறையாகிவிடும். காயிலை ஒட்டியிருப்பதால் ஃப்ரீசர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கீழ் அறை முதலில் விழும். உங்களுக்கு நடப்பது இதேதான்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் அளந்து பாருங்கள். கீழ் அறையின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் 3-4 டிகிரி செல்சியஸ் காட்டினால் நலம். 5-க்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசரில் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தால் மைனஸ் 18 வர வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்: மைனஸ் 8-ல் இருக்கும் ஃப்ரீசரிலும் ஐஸ் உறையும்.

காற்று வரும் துளைகளைப் பாத்திரமோ பையோ மறைத்திருந்தால் நகர்த்துங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பல கேஸ்கட்டுகள் சரியாகிவிடும். பின்னால் கம்பிக் கன்டென்சர் தெரிந்தால் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இனி ஃபேன். ஃப்ரீசர் கதவைத் திறந்தால் பல மாடல்களில் அது தானாக நின்றுவிடும். இது கோளாறு அல்ல. கதவு ஓரத்தில் இருக்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மெல்லிய காற்றோசை வந்தால் ஃபேன் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உரசினால் ஐஸ் இறக்கை வரை வளர்ந்துவிட்டது. கம்ப்ரசர் ஓடும்போதும் சத்தமே இல்லையென்றால் மோட்டார் போயிருக்கலாம், அல்லது அந்த நேரம் டிஃப்ராஸ்ட் நடந்துகொண்டிருக்கலாம். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.

பலகையைக் கழற்றியதும்

ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃப்ரீசரைக் காலி செய்து, பின்பலகையின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். சில ஸ்குரூக்கள் சிறிய பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். பலகை வர மறுத்தால் ஐஸ் பிடித்திருக்கிறது என்று பொருள். வம்படியாக இழுத்தால் பலகை உடையும். அரை மணி கதவைத் திறந்து விட்டு மறுபடி முயலுங்கள். எக்காரணம் கொண்டும் கத்தியோ ஸ்குரூடிரைவரோ கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். அலுமினியக் குழாய் மெல்லியது; ஒரு குத்தில் ஓட்டையாகும், அப்புறம் உண்மையாகவே கேஸ் போய்விடும்.

இப்போது காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று நின்று நிதானமாகப் பாருங்கள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

மேலிருந்து கீழ்வரை எல்லாக் குழாயிலும் தடியான பனி, தகடுகளே தெரியாத அளவுக்கு வெள்ளைச் சுவர்போல நின்றால் டிஃப்ராஸ்ட் கோளாறு. கேஸ் நிறைவாக இருந்தால்தான் காயில் முழுவதும் இப்படி உறைய முடியும். அதனால் இந்த வெள்ளைச் சுவரே கேஸ் இருப்பதற்குச் சாட்சி. மெல்லிய, சீரான வெண்படலம் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தால் காயில் ஆரோக்கியமாக இருக்கிறது. ஃபேனையோ, கீழே காற்றை விடும் டேம்பர் என்ற சிறு கதவையோ சந்தேகியுங்கள். கேப்பிலரி நுழையும் மூலையில் ஓரிரு சுற்றில் மட்டும் பந்துபோல ஐஸ் கட்டி, மீதிக் குழாய்கள் வெறுமனே ஈரமாகவோ உலர்ந்தோ கிடந்தால், அப்போதுதான் கேஸ் குறைவு என்று பேச வேண்டும். கம்ப்ரசர் மணிக்கணக்கில் ஓடியும் எங்குமே பனி இல்லையென்றால் கேஸ் முழுவதும் போயிருக்கும், அல்லது கேப்பிலரி அடைத்திருக்கும், அல்லது கம்ப்ரசர் சுழன்றும் அழுத்தம் தராமல் இருக்கும்.

எந்தப் பாகம் போயிருக்கிறது?

வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அடியில் துண்டு விரித்து, ஃப்ரீசருக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து முழுவதும் உருக்குங்கள். வடிகுழாய் வாயிலும் ஐஸ் இருக்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி, பின்பக்கத் தட்டில் வந்து விழுகிறதா என்று உறுதி செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கும்.

அதன்பின் மல்டிமீட்டர். ஹீட்டரின் இரு முனைகளில் ஓம் அளவு பாருங்கள். வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய அளவு கிடைக்கும்: 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

அடுத்து, காயிலில் கவ்வியிருக்கும் பைமெட்டல், அதாவது வெப்பத்தைப் பொறுத்து ஹீட்டரின் இணைப்பைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அறை வெப்பத்தில் அதை அளந்தால் தொடர்பு காட்டாது. 'போய்விட்டது' என்று நல்ல பாகத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது குளிரில்தான் மூடும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுடன் ஒரு பங்கு உப்பைக் கலந்து, பைமெட்டலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் பத்து நிமிடம் புதைத்து வைத்து அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி ஓம் காட்டினால் நல்லது. போர்டு உள்ள மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார் இருக்கலாம். ஐஸ் தண்ணீரில் விட்டால் அதன் ஓம் அளவு படிப்படியாக ஏற வேண்டும், தாவவோ அசையாமல் நிற்கவோ கூடாது.

கூடவே ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அது எப்போதும் தொடர்பு காட்ட வேண்டும். எரிந்திருந்தால் அதே டிகிரி அளவுள்ள ஃபியூஸையே மாற்றுங்கள். 'இரண்டு வயரையும் முறுக்கிவிட்டால் போதும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹீட்டர் அணையாமல் எரிந்தால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிப்பதைத் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

மூன்றும் நன்றாக இருந்தால் மிச்சம் டைமர் அல்லது போர்டு. டைமரின் தண்டைக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு டிஃப்ராஸ்டுக்கு மாறும். பலகையை மூடி, ப்ளக்கை மாட்டி அப்படியே விட்டால் அரை மணிவாக்கில் தானே திரும்பி வர வேண்டும். திரும்பாவிட்டால் டைமர் சிக்கியிருக்கிறது. போர்டு கோளாறு என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நின்றிருக்கும்.

நிற்காமல் ஓடும் உங்கள் கம்ப்ரசரைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிர் எட்டாததால் ஓடுகிறது, அவ்வளவுதான். ஓடாமல் சில நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று மட்டும் கேட்டால்தான் ஸ்டார்ட்டிங் ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் பாகம்), ஓவர்லோட் (சூடேறினால் அதை நிறுத்தும் பாகம்) அல்லது கம்ப்ரசரே சந்தேகத்துக்குரியது. ரிலேயைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே துகள் உருண்டால் மாற்றிவிடலாம்.

உண்மையிலேயே கேஸ் கசிந்திருந்தால்

பின்பக்க லேபிளில் கேஸின் பெயரும் கிராம் அளவும் அச்சிட்டிருக்கும். ஆர்-600ஏ என்றால் அது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். வீட்டு ஃபிரிட்ஜுக்கு 150 கிராமுக்குள்தான் இருக்கும், பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. ஆகவே தராசு இல்லாமல் குத்துமதிப்பாக ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும். இன்னொன்றும் உண்டு. இந்தக் கேஸ் ஓடும்போது காயில் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். அந்த ஈரம் கேப்பிலரி முனையில் உறைந்து அடைக்கும், உருகித் திறக்கும், மறுபடி அடைக்கும்.

அதனால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: நைட்ரஜன் ஏற்றிச் சோப்புநீரில் ஓட்டையைக் கண்டுபிடித்தாரா, அடைத்தபின் கேஸிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றுவாரா, பம்ப் வைத்துக் குறைந்தது அரை மணி வேக்யூம் எடுப்பாரா (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றுவாரா), லேபிள் அளவை எடைபோட்டு ஏற்றுவாரா. ஆர்-600ஏ உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்பு காட்டவே கூடாது. முதலில் கேஸைத் திறந்த வெளியில் விட்டு, நைட்ரஜனால் கழுவிய பிறகுதான் குழாயை வெல்டிங் செய்ய வேண்டும்.

உங்களுடையது டிஃப்ராஸ்ட் கோளாறாகவே இருந்து பாகத்தை மாற்றிவிட்டால், பலகையை மூடி இயக்கி 24 மணி நேரம் பொறுங்கள். அதற்குள் வெப்பநிலையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து நாள் கழித்து மறுபடி அதே நடுத்தட்டில், அதே டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். பனி மீண்டும் சுவராக வளர அத்தனை நாள் பிடிக்கும் என்பதால், அன்றும் 5 டிகிரியைத் தாண்டவில்லை என்றால்தான் பழுது தீர்ந்தது.