மசித்த உருளைக்கிழங்கு: வாசகர் கேள்வி – பதில்

கே: மேஷ்டு பொட்டேட்டோ வழுவழுவென்று வரட்டும் என்று வெந்த கிழங்கை மிக்சியில் அடித்தேன். கோந்து மாதிரி இழுபடுகிறது. பால் சேர்த்து மறுபடி அடித்தால் இன்னும் மோசம். எங்கே தப்பு?

ப: மிக்சியில்தான். உருளைக்கிழங்கு முழுக்க ஸ்டார்ச் நிரம்பிய நுண்ணிய பைகள். கிழங்கின் உட்சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் களியாகிவிடும், ஆனால் பைக்குள்ளேயே இருக்கும். சூடு 85 டிகிரிக்கு மேல் போனால் பைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையும். அப்போது லேசாக அழுத்தினாலே பைகள் கிழியாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நாக்கில் மெத்தென்று படுவது இப்படிப் பிரிந்த முழுப் பைகள்தான். மிக்சி பிளேடு அவற்றைக் கிழித்துவிடுகிறது. உள்ளேயிருந்த களி வெளியே வந்து எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. மேலும் அடித்தால் மேலும் கிழியும். அதனால்தான் பால் விட்டும் பலனில்லை.

பசையானதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வழி கிடையாது. தூக்கிப் போடவும் வேண்டாம். அகலமான தட்டில் 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, மேலே சீஸும் ரொட்டித்தூளும் தூவி, 200 டிகிரி அவனில் மேற்பகுதி சிவக்கும் வரை வையுங்கள். இல்லாவிட்டால் சூடான காய்கறி வேகவைத்த நீரில் கரைத்து சூப்பாக்கிவிடலாம். சூப்புக்கு அந்தக் கொழகொழப்பு நல்லதுதான்.

கே: அப்படியானால் சரியான முறையை அளவோடு சொல்லுங்களேன். நாலு பேருக்கு வேண்டும்.

ப: கிழங்கு 1 கிலோ, வெண்ணெய் 100 கிராம், முழுக்கொழுப்புப் பால் 150 முதல் 200 மி.லி., உப்பு.

தோல் சீவி 4 செ.மீ. துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கும்படி நறுக்குங்கள். அளவு மாறினால் சின்னது கரைந்து போகும், பெரியது நடுவில் நறுக்கென்று நிற்கும். ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் அலசினால் வெட்டுமுகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டார்ச் போய்விடும். பாத்திரத்தில் துண்டுகள் மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளிப்பக்கம் குழைந்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, லேசாகக் குமிழி வரும் நிலையில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். கத்தி முனை தடையே இல்லாமல் இறங்கி, துண்டு தானாகவே கத்தியிலிருந்து நழுவி விழ வேண்டும். குத்துகிறபோது கொஞ்சம் பிடித்தாலும் இன்னும் 3 நிமிடம் விடுங்கள். மசித்ததில் கட்டி தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை வலு குறைவு இல்லை, வேக்காடு குறைவுதான்.

வடிகட்டிய பிறகு பலரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. துண்டுகளை அதே சூடான பாத்திரத்தில் திருப்பிப் போட்டு, மூடாமல், சிறுதீயில் 2 நிமிடம் குலுக்கிக்கொண்டே இருங்கள். ஆவி பறக்கும், ஓரங்கள் வெளுத்து மாவு பூத்த மாதிரி ஆகும், பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டும். அதுதான் அடையாளம். ஈரம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு பாலும் வெண்ணெயும் உள்ளே இறங்க இடம் கிடைக்கும்.

சூடு ஆறுவதற்குள் ரைசரில் (வெந்த கிழங்கைத் துளைகள் வழியே பிழிந்து தள்ளும் கைக்கருவி) வைத்து அழுத்துங்கள், அல்லது கண்சல்லடையில் கரண்டியால் அழுத்தித் தள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கைமேஷர் போதும், மேலிருந்து கீழாக அமுக்க வேண்டும், சுழற்றிக் கடையக்கூடாது. மசித்ததும் முதலில் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் ஸ்டார்ச் வெளியே வந்திருக்கும், கொழுப்பு முந்திக்கொண்டு அதைச் சூழ்ந்தால் ஒட்டுவது குறையும். பிறகு ஆவி வரும் அளவு சூடான பாலை மூன்று தவணையாக ஊற்றுங்கள். பால் குளிர்ந்திருந்தால் மசித்தது சட்டென்று ஆறிக் கெட்டிப்படும். வெண்ணெயா பாலா எது முதலில் என்பதைவிட, பால் சூடாக இருக்கிறதா என்பதுதான் என் கணக்கில் முக்கியம். கடைசியில் உப்புப் பாருங்கள், கரண்டியை எடுத்துவிடுங்கள்.

100 கிராம் வெண்ணெய் அதிகம் என்று தோன்றினால் 60 வரை குறைக்கலாம். பிரெஞ்சு சமையல் வல்லுநர் ஜோயல் ரொபுஷோனின் பெயர்பெற்ற முறையில் 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். அது விருந்துக்கு இரண்டு கரண்டி வைக்கிற பண்டம், தட்டு நிறையச் சாப்பிடுவதற்கு இல்லை.

கே: குக்கரில் வைத்தால் தண்ணீராகப் போகிறது. குக்கரே கூடாதா?

ப: கூடும், கிழங்கு தண்ணீரில் கிடக்கக்கூடாது. அடியில் ஒரு கப் தண்ணீர், அதற்கு மேல் தட்டு, அதன்மேல் தோலோடு முழுக்கிழங்கு. அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரமாக ஆவியை வெளியேற்றினால் தோல் வெடித்துக் கிழங்கு பிளக்கும். சூட்டோடு துணியில் பிடித்துத் தோலை உரித்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீராகிவிட்டிருந்தால் சிறுதீயில் அடி பிடிக்காமல் புரட்டி ஈரத்தை வற்றவிடுங்கள். சோளமாவு போட்டுக் கெட்டியாக்க வேண்டாம், பச்சை வாசம் அடிக்கும்.

கே: எந்தக் கிழங்கு மசிக்க நல்லது? பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. ரஸ்ஸட், மாரிஸ் பைப்பர் போன்ற மாவு ரகங்கள் பஞ்சுபோல வரும். யூகான் கோல்டு நடுத்தரம், வெண்ணெய் நிறத்தில் வழுவழுப்பாக வரும். மெல்லிய தோலும் கெட்டித்தன்மையும் உள்ள மெழுகு ரகங்கள் சாலடுக்குத் தோது. அவற்றை மசிக்கக் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால் பசையாகும் வாய்ப்பும் அதிகம். ரகம் தெரியாத கிழங்கென்றால் ஒரு சோதனை: அரை கப் உப்பை ஐந்தரை கப் தண்ணீரில் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு அடர்த்தி அதிகம், மூழ்கும். மெழுகுக் கிழங்கு மிதக்கும்.

கே: கிழங்கு வெந்த பிறகு சாம்பல் நிறமாகிறது. கெட்டுப்போனதா?

ப: இல்லை. கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலமும் இரும்புச்சத்தும் வேகும்போது சேர்ந்து, ஆறும்போது காற்றுப்பட்டுக் கறுக்கின்றன. சுவை மாறாது. முக்கால் பங்கு வெந்த பிறகு தண்ணீரில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் பெருமளவு குறையும். ஆரம்பத்திலேயே விட்டுவிடாதீர்கள். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது, மணிக்கணக்கில் கொதித்தாலும் கிழங்கு கட்டையாகவே நிற்கும். தயிர், புளிப்பு க்ரீம் எல்லாம் மசித்த பிறகு சேர்ப்பதற்கும் இதுவே காரணம். பச்சை நிறம் மட்டும் வேறு விஷயம். அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள், கசந்தால் கிழங்கையே எறியுங்கள். பச்சையான கிழங்கில் சேரும் சோலனின் என்ற நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

கே: சில தடவை மசித்தது தித்திக்கிறது. சர்க்கரை எதுவும் போடவில்லையே?

ப: பச்சைக் கிழங்கை ஃபிரிஜ்ஜில் வைத்திருப்பீர்கள். 7 டிகிரிக்குக் கீழே கிழங்கின் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறத் தொடங்கும். வெளியே இருட்டான, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு வாரம் வைத்தால் தித்திப்பு ஓரளவு இறங்கும்.

கே: ரைசர் வாங்கியும் உணவகங்களில் வருகிற அந்தப் பட்டு மாதிரியான பதம் வரவில்லை.

ப: இரண்டு தடவை வேகவைக்கிறார்கள். தெர்மாமீட்டர் இருந்தால் வீட்டிலும் முடியும். 1.5 செ.மீ. கனமான வில்லைகளை 70 டிகிரி தண்ணீரில் 30 நிமிடம் வையுங்கள். சூடு 75-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் போட்டு நன்றாக ஆறவிடுங்கள். உள்ளேயே களியான ஸ்டார்ச் ஆறும்போது இறுகிக்கொள்கிறது, பிறகு பை கிழிந்தாலும் எளிதில் வெளியே ஒழுகாது. அதற்குப் பிறகு வழக்கம்போல வேகவைத்து மசித்து, கண்சல்லடையில் இரண்டாம் முறை தேய்த்து எடுங்கள். தினசரிச் சமையலுக்கு இது தேவையில்லாத சிரமம்.

கே: பால், வெண்ணெய் இல்லாமல் செய்யலாமா? முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

ப: வடிக்கும்போது ஒரு கப் வெந்த தண்ணீரை எடுத்து வையுங்கள். 1 கிலோவுக்கு 75 மி.லி. ஆலிவ் எண்ணெயை முதலில் கலந்து, அந்தத் தண்ணீரைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நன்றாகவே வரும். நாலு பல் பூண்டைக் கிழங்கோடு சேர்த்து வேகவைத்து மசித்தால் பால் இல்லாத குறை தெரியாது.

பரிமாற நேரம் இருந்தால் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, மேலே சூடான பால் மெல்லியதாக ஊற்றி மூடிவிடுங்கள், ஆடை கட்டாது. இரண்டு மணி நேரம் தாங்கும். மறுநாளைக்கென்றால் ஆறியதும் ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று குளிர்ந்த நிலையில் கிளறாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு, மூடி, சிறுதீயில் நன்றாகச் சூடேறிய பிறகு மடித்துவிட்டாற்போல் மெதுவாகக் கலக்குங்கள்.