ஹாப் கணக்கில் லீப் நாள் கிடையாது

நம் தேதியை மாயர்களின் ஹாப் நாட்காட்டித் தேதியாக மாற்றும் உங்கள் நிரலில் விடை பிசகுகிறது என்கிறீர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டுகிறீர்களே, தேதி பிசகுவது அதனால்தான். மாயர்களின் ஹாப் எப்போதும் 365 நாள்: 20 நாள் கொண்ட 18 மாதம், கடைசியில் வயெப் என்ற 5 நாள் குறு மாதம். பருவத்தைவிட்டு நான்கு ஆண்டில் ஏறத்தாழ ஒரு நாள் விலகத்தான் செய்யும்; திருத்தப் போகாதீர்கள்.

ஜூலியன் நாள் எண்ணில் (நாட்களை இடைவிடாமல் வரிசையாக எண்ணும் எண்) மாயர் கணக்கின் தொடக்க நாளுக்கான 584283-ஐக் கழித்து, 348-ஐக் கூட்டுங்கள் (தொடக்க நாள் 8 கும்கு, அதாவது கடைசி 20 நாள் மாதத்தின் 8 என்பதால்). 365-ஆல் வகுத்த மீதியை மறுபடி 20-ஆல் வகுத்தால் ஈவு மாதம், மீதி நாள். இரண்டையும் 0-விலிருந்து எண்ணுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

2012 டிசம்பர் 21-ஐப் போட்டுப் பாருங்கள். அதன் ஜூலியன் நாள் எண்ணான 2456283-க்கு மீதி 263; அதை 20-ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 3. 0-விலிருந்து எண்ணினால் 13 என்பது கான்கின் மாதம்; ஆக, 3 கான்கின் வர வேண்டும். 2 கான்கின் வந்தால், நள்ளிரவுக்கான 2456282.5-ஐ (ஜூலியன் நாள் நண்பகலில் தொடங்குவதால் இந்த .5) நிரல் கீழ்நோக்கி வெட்டுகிறது. மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.