இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையிடம் பேசலாமா?

30 வாரத்தில் பிறந்த மகள் இன்குபேட்டரில் இருக்கிறாள், பேசினால் தொந்தரவாகுமா, போனில் தாலாட்டு ஓடவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசுங்கள் தோழி. கருவிலேயே 25 வாரம் வாக்கில் காது கேட்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், குறைமாதக் குழந்தைகளின் உடுப்பில் சின்ன ரெக்கார்டர் வைத்து 16 மணி நேரம் பதிவு செய்தார்கள். ஐசியூவில் பெரியவர்கள் பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகள், 18 மாதத்தில் மொழித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாக 2014இல் எழுதினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் நம்பிப் பேச அது போதும்.

போன் வேண்டாம். உள்ளே சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பார்கள். மூடிமேல் பாட்டிலை வைத்தாலே குழந்தைக்கு டமார் என்று கேட்கும். கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்திருக்கும்போது பேசுங்கள். வீட்டில் என்ன சமையல், பாட்டி யாரோடு சண்டை, எதுவானாலும் சரி. இரண்டு வரி மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விரல்களை விறைத்து விரித்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ, மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கினாலோ அவளுக்குப் போதும் என்று அர்த்தம். பேச்சை விட்டுவிட்டு கையை மட்டும் அசையாமல் வைத்திருங்கள். அவள் அப்பாவும் பேசட்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜுக்கு முன் காது பரிசோதனை செய்தார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.