வடிகால் வரைபடத்துக்கு விலை வைக்கலாமா? கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூர்: சார், மழைநீர் வடிகால் வரைபடத்துக்கு கடலூர் மாநகராட்சி கட்டணம் வாங்கலாமா, கூடாதா?

நகல் எடுக்கும் செலவை வாங்கலாம். அளந்த செலவை வாங்கக் கூடாது. அதை வரியாக ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4(4)-ம், அரசு தானாக வெளியிடும் தகவலுக்கு இலவசம் அல்லது நகல் செலவு என்றுதான் அளவு வைக்கிறது.

மஞ்சக்குப்பம்: காசு கட்டத் தயார். ஆனால் பி.டி.எஃப். தான் தருகிறார்கள். என்ன செய்ய?

அதுவும் மறைமுகக் கட்டணம்தான். மறுபடி வரையும் கூலி உங்கள் தலையில் விழுகிறது. தகவல் உரிமை மனுவில் "வரைபடம்" என்று மட்டும் எழுதினால் காகித நகல்தான் வரும். "மின்னணு வடிவில் உள்ள வடிகால் கோடுகள், ஷேப்ஃபைலாக, அட்ரிபியூட் அட்டவணையுடன்" என்று எழுதுங்கள். ஷேப்ஃபைல் என்பது கணினி வரைபடக் கோப்பு, அட்ரிபியூட் அட்டவணை என்பது ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய விவரப் பட்டியல். அகலம், ஆழம், இன்வர்ட் லெவல் (வடிகாலின் உள்தரை மட்டம்) மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். லெவல் இல்லையென்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றே தெரியாத வெறும் கோடுதான் மிஞ்சும்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். கேட்ட வடிவிலேயே தர வேண்டும் என்பதற்குப் பிரிவு 7(9)-ஐக் குறிப்பிடுங்கள். அலுவலக வேலை அளவுக்கு மீறிக் கெடும், அல்லது ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு என்றால் மட்டுமே அதற்கு விலக்கு. 30 நாள் தாண்டினால் 7(6)-ன்படி இலவசம்.

கோப்பு வந்ததும் .எஸ்.எச்.பி., .எஸ்.எச்.எக்ஸ்., .டி.பி.எஃப்., .பி.ஆர்.ஜே. நான்கும் இருக்கிறதா பாருங்கள். கடைசியானது விடுபட்டால் ஆயத்தொலை அமைப்பு தெரியாது, வடிகால் நடுக்கடலில் போய் உட்காரும். நம் பகுதிக்கான ஆயத்தொலை அமைப்பு யூ.டி.எம். 44 வடக்கு, மென்பொருளில் தேட அதன் குறியீட்டு எண் இ.பி.எஸ்.ஜி. 32644.

நெல்லிக்குப்பம்: புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதே, அவற்றை ஒட்டி ஊர் வரைபடம் செய்துவிடலாமே?

செய்யலாம், பொறுமை வேண்டும். ஒவ்வொரு புலமும் தனித்தனியாக வரைந்தது. ஒட்டினால் ஓரிடத்தில் மேலேறும், ஓரிடத்தில் இடைவெளி விடும். அச்செடுக்கும்போது "தாளுக்குப் பொருத்து" என்பதைத் தொட்டால் அளவுகோலே மாறிவிடும். மூன்று புலம் கூடும் கற்களாகக் குறைந்தது 4 புள்ளி பிடித்து க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்துங்கள். பிறகு பரப்பைப் பட்டாவின் ஹெக்டேர்-ஏர் கணக்கோடு ஒப்பிடுங்கள். 1 ஏர் 100 சதுர மீட்டர். உட்பிரிவு ஏறாத பழைய படம் என்றால் இங்கே பிடிபடும்.

பாகூர்: எங்கள் நிலமும் கடலூர் நிலமும் பின்னிக் கிடக்கிறதே?

கட்டணம் அதிகம் கெடுப்பது அங்கேதான். புதுச்சேரி ஆவணம் நிலமகள் தளத்தில், தமிழ்நாட்டு ஆவணம் வேறு தளத்தில். ஒரு பக்கம் விலை வைத்தால் வாய்க்கால் மாநில எல்லையோடு நின்றுபோகும், வெள்ளம் நிற்காது.

ரெட்டிச்சாவடி: அண்ணே, மனைப்பிரிவு போடுகிறவன் இலவசத் தரவில் லாபம் பார்ப்பானே?

பார்க்கட்டும், வரி கட்டுகிறான். விலை வைத்தாலும் அவனுக்கு வலிக்காது. வாங்க முடியாமல் போவது ஊர் நலச் சங்கம்தான். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டி, நில வரைபடத் தரவுக்கு 3,75,000 டாலர் உரிமக் கட்டணம் கேட்டது. 2013-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அது பொது ஆவணமே என்றது. வழக்குப் போட்டது மனை வியாபாரி அல்ல, சியரா கிளப் என்ற சூழல் அமைப்பு. சான்றிட்ட நகல், அவசர நகல், கேட்டபடி வெட்டித் தருவது, இவற்றுக்கெல்லாம் தாராளமாக வாங்கலாம், அது உழைப்பு.

முதுநகர்: உரிமையாளர் பெயரும் வெளியே போகுமா?

போக வேண்டியதில்லை. எல்லையும் சர்வே எண்ணும் போதும். அட்டவணையில் பெயர் உள்ள பத்தியை நீக்கிவிட்டு வெளியிட இரண்டு நிமிடம் ஆகும்.