வாசகர் கேள்வி பதில்: ஓவெர்ன் எரிமலைகளும் பழைய மாதா கோவில்களும்

பிரான்ஸின் நாட்டுப்புறத்தைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓவெர்ன் பகுதியைச் சுற்றியே இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

பழைய தேவாலயங்களும் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு மலையும் ஏரியும் வேண்டும். கையில் மூன்று நாள்தான். பாரிஸிலிருந்து எங்கே போகலாம்?
– வாசகி, லா கூர்நெவ்

கிளெர்மோன்-ஃபெரானில் அறை எடுத்துத் தங்குங்கள். பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. மூன்றரை மணி நேரம் ஆகும். பாரிஸிலேயே உள்ள லியோன் நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தாலும் பெட்டியோடு நடந்து சேர்வதற்குள் வண்டி போய்விடும். காரில் போனால் சுமார் 420 கிலோமீட்டர்.

நகரத்தின் மேற்கே, வடக்கு தெற்காக 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 80 எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. 11, 12ஆம் நூற்றாண்டுகளின் ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்கள் அந்த மலைகளைச் சுற்றி ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கின்றன. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதே இந்தப் பகுதியின் அருமை. கிளெர்மோன் பேராலயம் கருப்பாக நிற்பதற்குக் காரணம் புகையோ அழுக்கோ அல்ல. அது வோல்விக் கல். நுஜேர் என்ற எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உண்டான கல் அது. 1248இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் தூண்கள் அத்தனை மெலிதாக இருப்பதற்கும் அந்தக் கல்லின் உறுதியே காரணம்.

ஓர்சிவால் மாதா கோவிலைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முன்பக்கம் வெறும் சுவர். எதைப் பார்க்காமல் விட்டோம்?
– வாசகர், ஸ்த்ராஸ்பூர்

பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டீர்கள். இது பலருக்கும் நேர்கிறது. பாரிஸ், ஷார்த்ர், ரேன்ஸ் பேராலயங்களைப் பார்த்துப் பழகிய கண் மேற்கு வாசலில் சிற்பத்தைத் தேடும். ஓவெர்ன் சிற்பிகளும் கொத்தர்களும் தங்கள் திறமையையெல்லாம் கிழக்கே, பீடத்தின் பின்புறத்தில் கொட்டியிருக்கிறார்கள். ஓர்சிவாலில் மேற்குச் சுவர் மலைச்சரிவை ஒட்டியே நிற்பதால் அங்கே அலங்காரத்துக்கு இடமும் இல்லை.

கோவிலைச் சுற்றிக் கிழக்கே வந்து, சுமார் 30 அடி தள்ளி நின்று, கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் அரைவட்டமான சிறு சிற்றாலயங்கள். அவற்றின் தோளுக்கு மேல் பீடத்தைச் சுற்றிவரும் நடையின் கூரை. அதற்கு மேல் பீடத்தின் அரைவட்டம். அதன் பின்னால், சிலுவை வடிவக் கோவிலின் குறுக்குக் கையில் நடுப்பகுதியை மட்டும் தோள்போல உயர்த்திக் கட்டிய சதுரமான சுவர். வேறு பகுதிகளில் காணக் கிடைக்காத அமைப்பு இது. எல்லாவற்றுக்கும் உச்சியில் எண்கோணக் கோபுரம். படிப்படியாக ஏறும் இந்த அடுக்குக்கு வெறும் அழகு மட்டும் நோக்கம் அல்ல. நடுக் கோபுரத்தின் பாரத்தை ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறக்கித் தருவதும் இதுதான்.

கிளெர்மோனின் நோத்ர்-தாம் து போர், சேன்-நெக்தேர், இஸ்வார் ஆகிய மூன்று கோவில்களிலும் இதே பின்சுவரில் கருங்கல்லையும் வெளிர்நிறக் கல்லையும் பதித்துப் பூக்கோலம்போல வடிவங்கள் செய்திருக்கிறார்கள். இஸ்வாரில் கூடுதலாக 12 இராசிகளின் சிற்பங்கள் உண்டு. கிழக்கு நோக்கியவை என்பதால் வெயில் காலையில்தான் விழும். மதியத்துக்குப் பிறகு போனால் நிழலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், படமும் வராது. ஓர்சிவால் பள்ளத்தாக்கில் இருப்பதால் அங்கே வெயில் இறங்கச் சற்றுத் தாமதமாகும். ஒன்பதரை, பத்து மணிக்குப் போனால் சரியாக இருக்கும்.

ஓர்சிவாலில் இன்னொன்று: தென்பக்க வெளிச்சுவரில் துருப்பிடித்த விலங்குகளும் சங்கிலிகளும் தொங்கும். சிறைமீண்டவர்கள் மாதாவுக்கு நேர்த்தியாகக் கொண்டுவந்து மாட்டியவை. உள்ளே இருக்கும் மாதா சொரூபம் 12ஆம் நூற்றாண்டு மரச்சிற்பம், மேலே வெள்ளித் தகடு போர்த்தியது. இயேசு விண்ணேற்றத் திருநாளன்று யாத்திரிகர் கூட்டம் நெரியும். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் அன்று போக வேண்டாம்.

உள்ளே ஒரே இருட்டு. தூண்களின் மேலுள்ள சிற்பங்கள் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி விளக்கை அடிக்கலாமா?
– வாசகர், ஜெனிவா

அடிக்காதீர்கள். பிரார்த்தனையில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல். அந்த வெளிச்சம் அவ்வளவு உயரம் எட்டவும் எட்டாது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகியதும் பாதி இருட்டு தானே விலகிவிடும். பல கிராமக் கோவில்களில் வாசலருகே அல்லது பீடத்தருகே காசு போட்டால் சில நிமிடம் எரியும் விளக்குப் பெட்டி இருக்கும். அதற்காக 1, 2 யூரோ நாணயங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். சிறிய தொலைநோக்கி, 8 மடங்கு பெரிதாக்குவது, இருந்தால் மிகவும் உதவும். 10 மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கத்தில் படம் ஆடும்.

சேன்-நெக்தேர் கோவிலில் 103 தூண்தலைகள், அதாவது தூண் உச்சியில் செதுக்கிய கற்கள், உண்டு. எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் கழுத்து வலிதான் மிச்சம். பீடத்தைச் சுற்றியுள்ள ஆறு தூண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வண்ணத்தோடு சிறந்தவை அவைதான்.

சிற்பத்தைக் கண்மட்டத்தில் பார்க்க ஆசை என்றால் ரியோம் நகரை ஒட்டிய மோஸாக் மடாலயத்துக்குப் போங்கள். 15ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் அதன் பீடப்பகுதி சிதைந்தது. அங்கிருந்த தூண்தலைகளில் சில இப்போது தரைமட்டத்திலேயே நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் மூன்று பெண்கள் பரிமளத் தைலக் கலசங்களோடு இயேசுவின் கல்லறைக்கு வருகிறார்கள். பக்கத்தில் காவற்காரர் தூங்குகிறார்கள். அவர்கள் அணிந்திருப்பது ரோமானிய உடை அல்ல. சிற்பியின் காலத்துச் சங்கிலிக் கவசம். அதன் வளையங்களை வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார். எத்தனை கோவில்கள் பார்த்தாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

புய்-தெ-தோம் மலைக்கு வயதான அம்மாவோடு போகலாமா? நடக்க விரும்பும் மகனும் இருக்கிறான்.
– வாசகி, புதுச்சேரி

இருவரும் போகலாம், வழிதான் வேறு. உயரம் 1465 மீட்டர். சொந்தக் காரில் உச்சிக்குப் போக முடியாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, 2012இல் தொடங்கிய பல்சக்கர ரயிலில் 15 நிமிடத்தில் ஏறலாம். சக்கர நாற்காலியும் ஏற்றலாம். மகன் செசா கணவாயிலிருந்து கோவேறு கழுதைக்காரர் பாதை என்ற பழைய வழியில் ஏறட்டும். கிட்டத்தட்ட 390 மீட்டர் ஏற்றம், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பாதை வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், செருப்பு உதவாது. அந்தக் கணவாய் ரயிலடியிலிருந்து தள்ளி இருக்கிறது. ஒரே காரில் வந்தவர்கள் யார் யாரை எங்கே ஏற்றிக்கொள்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உச்சியில் கிளெர்மோனைவிட 6, 7 டிகிரி குளிர் கூடுதல், காற்று அதற்கும் மேல். ஆகஸ்டிலும் காற்றைத் தடுக்கும் மேலுடை வேண்டும். டிக்கெட் வாங்கும் முன் உச்சியின் நேரடிக் கேமராப் படத்தை இணையத்தில் பாருங்கள். கீழே நல்ல வெயில் அடிக்கும்போது மேலே மேகம் மூடியிருப்பது சகஜம். அதற்கு நேர்மாறாக, இலையுதிர் காலத்தில் நகரம் பனிமூட்டத்தில் கிடக்கும்போது உச்சி மேகக் கடலுக்கு மேல் பளிச்சென்று இருக்கும். குளிர்காலத்தில் ரயில் சில கிழமைகளில் ஓடாது. கால அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மேலே மெர்க்குரி தேவனின் 2ஆம் நூற்றாண்டுக் கோவில் இடிபாடு இருக்கிறது. காற்றழுத்தம் உயரத்தோடு குறைகிறது என்று காட்ட, 1648 செப்டம்பர் 19 அன்று அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைக் கொண்டுபோய் அளந்ததும் இந்த மலையில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கேயே அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

கோவிலுக்கும் காலை, மலைக்கும் காலை என்றால் எதை முதலில் வைப்பது?
– வாசகர், லியோன்

வானிலையிடம் விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். திறந்த மலைமுகட்டில் இடிக்கு ஒதுங்க இடமில்லை. இடி எச்சரிக்கை இருக்கும் நாளில் காலையில் மலை, மதியத்துக்கு மேல் கோவிலின் உட்புறம். தெளிவான நாளில் காலையில் ஓர்சிவால், பிறகு சேன்-நெக்தேர், மாலையில் ஏரி. இஸ்வார் கோவிலை வெயிலில்லாத நாளுக்கு வையுங்கள். அதன் உட்புறம் முழுவதும் 19ஆம் நூற்றாண்டில் சிவப்பும் பச்சையும் பொன்னுமாகத் தீட்டப்பட்டது. மங்கல் நாளிலும் அந்த வண்ணம் எடுபடும்.

கார் இல்லை. போக முடியுமா?
– மாணவி, துலூஸ்

பாதி முடியும். நோத்ர்-தாம் து போர் கிளெர்மோன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ரியோமும் இஸ்வாரும் உள்ளூர் ரயிலில் போய்வரும் தூரம். ரியோமிலிருந்து மோஸாக் நடக்கும் தூரம். ஓர்சிவால், சேன்-நெக்தேர், பவேன் ஏரிக்குப் பேருந்தை நம்பிக் கிளம்பினால் திரும்ப வண்டி கிடைக்காது. ஒரு நாள் மட்டும் நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுங்கள்.

பவேன் ஏரியில் குளிக்கலாமா?
– வாசகர், பாரிஸ்

கூடாது, தடை உண்டு. அது எரிமலை வாய். சுமார் 6900 ஆண்டுகளுக்கு முன் வெடித்துக் குழிந்தது. 92 மீட்டர் ஆழம், கரையிலிருந்தே சட்டென்று இறங்கும். ஏறக்குறைய 60 மீட்டருக்குக் கீழுள்ள நீர் மேல்நீரோடு கலப்பதே இல்லை. அங்கே பிராணவாயுவும் இல்லை. சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும், பாறை விழும் இடங்களில் வைத்திருக்கும் பலகைகளை மீறாதீர்கள். நீந்த ஷாம்போன் ஏரிக்குப் போங்கள். அங்கே கோடையில் காவலோடு கூடிய கரை உண்டு.

பக்கத்து ஊரான பெஸ்ஸில் ஓர் அழகான வழக்கம்: வஸிவியேர் மாதா சொரூபம் கோடையை மலைமேல் சிற்றாலயத்திலும் குளிர்காலத்தை ஊர்க் கோவிலிலும் கழிக்கும். ஜூலை 2இல் ஏற்றுவார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் ஒரு ஞாயிறு இறக்குவார்கள். மாடுகளும் மலைக்குப் போய்த் திரும்பும் காலம் அதுதான். அந்த நாளோடு உங்கள் விடுமுறை பொருந்தினால் விடாதீர்கள்.

நாங்கள் இந்துக்கள். உள்ளே போகலாமா, கட்டணம் உண்டா? இரண்டு ஊர்களில் கதவு பூட்டியிருந்தது.
– வாசகி, கிரெத்தேய்

தாராளமாகப் போகலாம், இலவசம். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கட்டிய ஊர்க் கோவில்கள் அந்தந்த ஊராட்சியின் சொத்து, வழிபாட்டு உரிமை திருச்சபைக்கு. கோபுரம் ஏறவோ திருப்பண்ட அறை பார்க்கவோ சில இடங்களில் கட்டணம் இருக்கும். காலணியைக் கழற்ற வேண்டாம், தொப்பியைக் கழற்றுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்காதீர்கள்; உட்கார்ந்திருக்கலாம், அல்லது முடிந்ததும் வரலாம். ஞாயிறு முற்பகலைத் தவிர்த்தால் இந்தச் சிக்கல் வராது. கதவு பூட்டியிருந்தால் ஊராட்சி அலுவலகத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ சாவி கேளுங்கள். ஆனால் 12 முதல் 2 வரை அந்த அலுவலகங்களும் மூடியிருக்கும்.

லெ புய் ஊரின் பாறைக் கோவிலுக்கு எத்தனை படி?
– வாசகர், திருச்சி

268. எரிமலைக் குழாய்க்குள் உறைந்து நின்ற 82 மீட்டர்ப் பாறையின் உச்சியில், 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புனித மிக்கேல் சிற்றாலயம் அது. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே நல்லது; இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பேராலயத்துக்கும் நேர்வழியில் நீண்ட படிக்கட்டு உண்டு, ஆனால் மேல்நகர்த் தெருக்கள் வழியே சுற்றி வந்தால் படிகள் குறையும். காலை 7 மணிப் பூசைக்குப் பிறகு, ஸ்பெயினின் சந்தியாகு திருத்தலத்துக்கு யாத்திரை புறப்படுவோருக்கு அங்கே ஆசி தருவார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, மதுரை

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கையும் புதுச் சீஸையும் கிளறிச் செய்யும் த்ரூஃபாத் பார்வைக்குச் சைவம். பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் பன்றித் துண்டு போடுவதும் வழக்கம். லெ புய் பச்சைப் பருப்பும் அப்படித்தான். "சான் வியாந்த், சான் லார்தோன்" (இறைச்சி வேண்டாம், பன்றித் துண்டும் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பன்றித் துண்டை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையற்காரர்கள் உண்டு. பாரம்பரியச் சீஸ்களை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள், கண்டிப்பான சைவர்கள் கவனிக்கவும். மற்றவர்கள் சேன்-நெக்தேர் சீஸ் வாங்கும்போது மேல்தோலில் பச்சை முத்திரையைப் பாருங்கள்: நீள்வட்டம் என்றால் பண்ணையில் செய்தது, சதுரம் என்றால் ஆலையில் செய்தது. நீள்வட்டத்தையே வாங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்குள் போய் உட்காருங்கள். அதற்குப் பிறகு கிராமங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.