தெருவிளக்கு ஒப்பந்தம்: பழுதுக்கா, வெளிச்சத்துக்கா பணம்?

கேள்வி: எங்கள் உள்ளாட்சி மன்றம் தெருவிளக்குப் பராமரிப்பைத் தனியாரிடம் விடப்போகிறது. சரிசெய்யும் ஒவ்வொரு விளக்குக்கும் இவ்வளவு என்று வரைவில் கட்டணம் போட்டிருக்கிறார்கள். மன்ற உறுப்பினராக நான் எதைத் திருத்தச் சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கட்டண முறையைத்தான். பழுதுக்குப் பணம் என்றால், விளக்கு அடிக்கடி கெட்டால்தான் ஒப்பந்ததாரருக்கு வரும்படி. எரியும் விளக்குக்கு மாதம் ஒரு தொகை என்று வையுங்கள். அணைந்து கிடந்த இரவுகளுக்குப் பிடித்தம் செய்யுங்கள். அப்போது நல்ல பொருளைப் போடுவது அவருக்கே லாபமாகிவிடும்.

ஒப்பந்தக் காலத்தையும் பாருங்கள். தெருவிளக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் எரிகிறது. 50,000 மணி நேரம் உழைக்கும் என்று விற்கப்படும் எல்இடி, கணக்குப்படி பன்னிரண்டு ஆண்டுகள் வர வேண்டும். ஆனால் பெரும்பாலும் முதலில் போவது எல்இடி அல்ல, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர். வெப்பமும் மின்னழுத்த ஏற்றமும் அதைத் தின்றுவிடும். ஓராண்டு ஒப்பந்தக்காரர் தரமான டிரைவருக்கு ஏன் செலவழிக்கப்போகிறார்? ஐந்தாண்டாவது கொடுங்கள்.

'மின்விநியோகக் கோளாறு நீங்கலாக' என்ற வரி வரைவில் இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். தெரு முழுவதும் இருண்டால் ஒப்பந்ததாரர் அந்த வரிக்குள் புகுந்துகொள்வது எளிது. பல விளக்குகளை மொத்தமாக இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வந்து சேரும் முனைதான் எல்லை, அதற்குப் பிறகு உள்ள கேபிள், ஃபியூஸ், சுவிட்ச், விளக்கு அனைத்தும் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். முனைக்கு மின்சாரம் வரவில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே.

வாய்ப்புக் கிடைத்தால் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி முறுக்கியிருக்கலாம். அன்றிரவே விளக்கு எரியும், புகாரும் முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போவதற்குப் பதிலாகக் கேபிளே கருகும். கம்பத்தைத் தொடுபவரின் உயிருக்கும் ஆபத்து. எனவே சரியான அளவு ஃபியூஸ், ஆண்டுதோறும் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கடத்தும் இணைப்பு) சோதனை, கம்பத்தின் அடியில் வயர் இணைப்பை மறைக்கும் மூடி ஆகியவை தனி நிபந்தனைகளாக வர வேண்டும். அறுந்து தொங்கும் வயருக்கான கெடு மணிக்கணக்கில் இருக்கட்டும். ஒற்றை விளக்கு இரண்டு நாள் பொறுக்கும்.

டெண்டருக்கு முன்பே எல்லாக் கம்பங்களுக்கும் எண்ணிட்டு, விளக்கின் வாட், நிலைமை, புகைப்படம் ஆகியவற்றைப் பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் மாதமே "நான் வரும்போதே கெட்டிருந்தது" என்ற தகராறு வரும்.

எத்தனை விளக்கு எரிகிறது என்பதை ஒப்பந்ததாரரே எண்ணிச் சொல்லக் கூடாது. கருவிக் கண்காணிப்பு இருக்கிறதே என்பார்கள். பெட்டியில் மொத்த மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு, நாற்பது விளக்கில் ஒன்று அணைந்தது பல நேரம் தெரியாது. மன்ற ஊழியர் ஒருவர் முன்னறிவிப்பின்றி இரவில் சுற்றி வருவதற்கு ஈடில்லை. பகலில் எரியும் விளக்குக்கும் அபராதம் போடுங்கள். மின்கட்டணம் மன்றத்தின் தலையில்தானே விழுகிறது.

புகார் எண் மன்றத்தின் பெயரிலேயே இருக்கட்டும். புகார்ப் பதிவேடும் கம்பப் பட்டியலும் மன்றத்தின் சொத்து என்று எழுதி, கடைசி ஆறு மாதத்தில் மன்றமும் ஒப்பந்ததாரரும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு முடிந்த பிறகே அவருடைய வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.